கழிவு பத்தலையாம்

எங்கள் கட்டிடத்தில் கீழே என் கடை, மேலே அவர்கள் வீடு. கடை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நூல், பொத்தான், ஜிப், ஊசி, லேஸ் விற்கிற பொந்து. இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒருவர் வாசலில்தான் நிற்க வேண்டும். மேலே இருப்பவர்கள் மூன்று பேர். சட்டைக் கம்பெனியில் தைக்கப் போகிறவள், குடிவந்த அன்றைக்கே "அண்ணே, கொஞ்சம் சர்க்கரை இருக்குமா" என்று கேட்டு எனக்குத் தங்கச்சி ஆனவள். அவள் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அந்த வகையில் எனக்கு மாப்பிள்ளை. ஒரே மகள் ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் கடைசி வருஷம். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். ஊசி என்று நான் வைத்த பெயர்தான் இன்றைக்குத் தெரு முழுக்க.

எனக்கு முன்கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கோபப்படாமல் சொல்ல என்னால் ஆகாது.

ஊசியின் கல்லூரியும் அவள் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியும் அந்த வருஷம் கைகோத்துக்கொண்டன. கம்பெனியில் வீணாகும் துணியைக் கல்லூரிக்குத் தருவார்கள். பிள்ளைகள் அதில் எம்பிராய்டரி போட்டுப் புது உடுப்பு ஆக்க வேண்டும். இதற்கு அப்சைக்கிளிங் என்று பெயர். தூக்கிப் போடுகிற துணியை, தூக்கிப் போட மனசு வராத துணியாக மாற்றுவது என்று ஊசி எனக்கு விளக்கினாள். கடைசியில் பெரிய மண்டபத்தில் கண்காட்சி. எல்லாரிலும் நன்றாகச் செய்கிறவருக்குக் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவிலேயே வேலை. அந்த வேலை கிடைத்தால் அம்மாவை மெஷினிலிருந்து எழுப்பி வீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. மாப்பிள்ளையும் அதே கணக்கைத்தான் லாரியில் போகும்போதெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல காரியம்தானே மாமா?" என்றாள் ஊசி, என் கடையில் நூல் பொறுக்கிக்கொண்டே.

"நல்ல காரியம்தான். ஆனா உங்கம்மா கம்பெனி பண்ணுதுன்னு சொல்றியே, அதான் இடிக்குது."

இடிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கம்பெனி வாசலில் வேலை முடிந்து போகிற ஒவ்வொரு பெண்ணையும் காவல்காரி தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். போன மழைக்காலத்தில் பொத்தான் வைக்கிற ஒருத்தியின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு அகப்பட்டது. தரையில் கிடந்ததை எடுத்திருக்கிறாள். பிள்ளைக்கு ஓயாத சளி, மூக்குத் துடைக்க மெல்லிய துணியாக இருக்கட்டும் என்று. கம்பெனித் துணியைத் திருடினாள் என்று சொல்லி அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பொத்தான்காரி இப்போது என் கடைக்கு எதிரே பெட்டி போட்டு உட்கார்ந்து ஜிப் மாற்றித் தருகிறாள். இப்படிப்பட்டவர்களுக்குத் திடீரென்று துணி வீணாவதில் அக்கறை வந்தது என்றால், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

முதலில் வந்த மூட்டை கழிவுதான், சந்தேகமில்லை. விரல் அகலத் துண்டுகள், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் கத்தரித்துத் துப்பிய நார், எண்ணெய் பட்ட ஓரங்கள். பிள்ளைகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இருந்தாலும் ஊசி அதை எண்ணெய் போகத் துவைத்து, நாரைப் பின்னி, ஏதோ ஒரு பட்டை செய்து பார்த்தாள். அது அழகாகவே வந்தது. ஆனால் கம்பெனியிலிருந்து படம் பிடிக்க வந்தவர்களுக்குத் திருப்தி இல்லை. குப்பை குப்பையாகவே தெரிகிறது, படத்தில் எடுபடவில்லை என்று சொல்லிப் போனார்கள்.

பிறகு இரண்டாவது மூட்டை வந்தது. அன்றைக்கு நல்ல புழுக்கம். மேலே மின்விசிறி சுற்றவில்லை, வந்து பாருங்கள் என்று மாப்பிள்ளை கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். ஊசி கூடத்தின் நடுவில் மூட்டையைக் கொட்டினாள். எல்லாம் வெள்ளைச் சட்டை. கை தனியாக, முதுகு தனியாக, காலர் தனியாக வெட்டுப்பட்டுக் கிடந்தன. கஞ்சி மொடமொடப்புப் போகவில்லை, புதுத்துணி வாசனை வீடு முழுக்க அடித்தது. பொத்தான்களை மட்டும் கம்பெனியிலேயே பத்திரமாகக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். பொத்தானுக்கு இருந்த மரியாதை சட்டைக்கு இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி வேலை முடிந்து படியேறி வந்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு சட்டைக் கையை எடுத்தாள், பார்த்தாள், கீழே போட்டாள்.

"கை கழுவிட்டு வர்றேன்" என்று சமையலறைக்குள் போனவள் வரவேயில்லை. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

"என்னாச்சு இவளுக்கு?" என்றார் மாப்பிள்ளை. "துணியப் பாத்துட்டு, பேயப் பாத்த மாதிரி போறா."

ஊசி ஒரு முதுகுத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, இது உங்க லைன்ல தச்சதா? என்ன குறை இதுல? கறை இல்ல, ஓட்டை இல்ல, தையல் கோணல் இல்ல."

"குறை ஒண்ணும் இல்ல" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அப்புறம் எப்படிக் கழிவுல வந்துச்சு?"

"கழிவு பத்தலையாம்."

"என்னது?"

தங்கச்சி கத்தியும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, அது வெங்காயத்தால்தான் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. "காலேஜுக்குக் குடுக்கக் கழிவு பத்தலையாம். இருக்கிறது பாக்க நல்லா இல்லையாம். சூப்பர்வைசர் வந்து, அடுக்கி வச்சிருந்த சட்டைய எடுத்து மேசையில போட்டாரு. கத்திரியக் குடுத்து வெட்டுங்கன்னாரு. நாங்க சிரிச்சோம். விளையாடுறாருன்னு நெனச்சோம். அவரு சிரிக்கல. குறுக்க நெடுக்க வெட்டுங்க, பாத்தா கிழிஞ்சு வந்த மாதிரி இருக்கணும்னாரு."

மாப்பிள்ளை பக்கென்று சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"நீ வெட்டினியா?" என்றாள் ஊசி.

"வெட்டாம?"

"புதுச் சட்டையம்மா அது. போட்டுக்க ஆளில்லையா ஊர்ல? நல்ல சட்டைய வெட்டச் சொன்னா வெட்டிடுவியா?"

"தைக்கச் சொன்னா தைக்கிறேன், பிரிக்கச் சொன்னா பிரிக்கிறேன், வெட்டச் சொன்னா வெட்டுறேன். எனக்கு அங்க என்ன வேலைன்னு நெனச்சே, ஆலோசனை சொல்ற வேலையா?" தங்கச்சிக்குக் குரல் ஏறியது. பிறகு தானாக இறங்கியது. "மத்தவங்க நெஞ்சுக்கு நேரா வெட்டினாங்க. எனக்குக் கை வரல. கத்திரிய வச்சேன், அழுத்த முடியல. அதனால தையல ஒட்டியே வெட்டிட்டேன். தோள்ல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, கை சேர்ற எடத்துல ஒண்ணு. தூரத்துல இருந்து பாத்தா துண்டு துண்டாத்தான் தெரிஞ்சுது. அவரும் தலையாட்டிட்டுப் போயிட்டாரு."

ஊசி கீழே உட்கார்ந்து துண்டுகளைப் பிரித்தாள். குறுக்கே வெட்டுப்பட்டவை ஒரு பக்கம், தையலோரம் வெட்டுப்பட்டவை ஒரு பக்கம். இரண்டாவது குவியல் அவள் அம்மாவுடையது. யார் சொல்லவும் தேவையில்லை, பார்த்தாலே தெரிந்தது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தொட்டில் ஆட்டுவதைப் படம் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு கிள்ளுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூக்குத் துடைக்கிற துண்டுக்கு ஒருத்தியின் வேலை போனது. நல்ல சட்டைகளை அடுக்கி வைத்து வெட்டினால் அதற்குக் கண்காட்சி. மின்விசிறியைச் சரிசெய்யாமலே கீழே இறங்கி வந்துவிட்டேன். போன வேலையை மறந்துவிட்டேன் என்பது படியிறங்கின பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஊசி தன் ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து என் கடையில் நூல்கண்டுகளைத் தேவையில்லாமல் கலைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"உக்காரச் சொன்னாங்க. தண்ணி குடுத்தாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு மாமா, ஒண்ணும் நடக்காதுன்னு."

"கெட்டவங்களா?"

"இல்ல, நல்லவங்க. அதான் கஷ்டம். உன் கோபம் நியாயம்தான், ஆனா கம்பெனி கைய உதறிட்டா அடுத்த வருஷப் பிள்ளைங்களப் பயிற்சிக்கு எங்க அனுப்புறதுன்னு கேட்டாங்க. கோபத்த வேலையில காட்டுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"அது எல்லாரும் சொல்றதுதான். காட்டினா ஒருத்தரும் தாங்க மாட்டாங்க."

அவள் கை ஒரு சிவப்பு நூல்கண்டின் மேல் நின்றது. "தாங்குறாங்களா பாப்போம்" என்றாள்.

அவள் நினைத்தது இதுதான். அம்மா வெட்டிய துண்டுகளை வைத்துக் கவுனும் தைக்கப் போவதில்லை, பூவும் போடப் போவதில்லை. சட்டையைத் திரும்பச் சட்டையாகவே சேர்ப்பது. வெட்டு விழுந்த இடம் ஒன்றுவிடாமல் சிவப்பு நூலில் சங்கிலித் தையல் போட்டுக் காட்டுவது. கேட்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் தட்டினால் வலிக்கப் போவது என் கையா? மேலே பெரிய ரகளை நடந்தது. பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"மச்சான், நீங்களே சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. "பட்டாம்பூச்சி போடத் தெரியும், மயில் போடத் தெரியும். போட்டா இவளுக்குத்தான் அந்த வேலைன்னு காலேஜே சொல்லுது. இவ என்னடான்னா சட்டையச் சட்டையாத் தைக்கிறாளாம். அதத் தைக்கத்தான் தெருமுனையில டெய்லர் இருக்கானே."

"அம்மாவ வெட்ட வச்சதை நான் மயிலப் போட்டு மூடணுமாப்பா?"

"மூடு. மூடினா என்ன? ஊர்ல எல்லாரும் எதையாவது மூடிட்டுத்தான் நடக்கறாங்க."

தங்கச்சி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். "மூடலேன்னா என்ன ஆகும்னு தெரியுமாடி? குறுக்க வெட்டச் சொன்னத நான் தையலோட வெட்டியிருக்கேன்னு வெட்ட வெளிச்சமாத் தெரியும். யார் மூட்டை யார் பொண்ணுக்கு வந்துதுன்னு கண்டுபிடிக்க ஜோசியமா பாக்கணும்? எங்க சூப்பர்வைசருக்குப் பின்மண்டையிலயும் கண்ணு. என் வேலை போகும். உனக்கு வர்ற வேலையும் வராது. ரெண்டும் போனப்புறம் உங்கப்பா லாரித் தண்ணியத்தான் குடிச்சிட்டுக் கிடக்கணும்."

ஊசி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "நீ வேணாம்னா போடலம்மா. நிஜமா" என்றாள்.

தங்கச்சி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லார் தட்டிலும் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

சில நாள் இப்படியே போனது. ஊசி துண்டுகளை மூட்டையாகவே கட்டி மூலையில் வைத்திருந்தாள். ஒரு மத்தியானம், விடுமுறை நாள், மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி தானே கடைக்கு வந்தாள். அவள் என்னிடம் நூல் வாங்க வந்ததே இல்லை. நூலைப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்பாள்.

"சிவப்பு காட்டுங்கண்ணே."

காட்டினேன். விரலில் எச்சில் தொட்டு நூலைத் தேய்த்தாள். விரல் லேசாகச் சிவந்தது. "இது துவைச்சா சாயம் விடும். விடாதது குடுங்க."

"கண்காட்சிக்குத்தானே தங்கச்சி? யாரு துவைக்கப் போறா?"

"சட்டைன்னா துவைப்பாங்க" என்றாள்.

நல்ல நூலாக எடுத்துக் கொடுத்தேன். அவள் படியேறிப் போன பிறகு வெகுநேரம் எனக்கு வியாபாரம் ஓடவில்லை.

மேலே வேலை தொடங்கியது. அதில் ஒரு வேடிக்கை. இத்தனை வருஷம் சட்டைக் கம்பெனியில் இருந்தும் தங்கச்சி முழுச் சட்டை ஒன்று தைத்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்தது இடது கை தைப்பது மட்டும். வலது கை பக்கத்து மெஷின்காரியுடையது. காலர் எப்படி உட்காரும் என்று மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் பிடித்துக் கொடுத்தாள். ஊசி கல்லூரியில் படித்ததைச் சொல்ல, அம்மா "ஓ, இப்படியா? நான் தச்ச கை இங்கதான் போய்ச் சேருமா?" என்றாள். மகள் தையலை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாளாம்.

ஊசி பொடிப் பொடியாகச் சங்கிலித் தையல் போட்டாள். தோள் வழியாக, அக்குள் வழியாக, பக்கம் இறங்கிக் கீழ்மடிப்பு வரை, காலரைச் சுற்றி. ஒரு கண்ணி பெரிதாகிவிட்டால் பிரித்து மறுபடி போட்டாள். வெட்டின ஓரம் போக மறுபடி மடித்துத் தைத்ததில் சட்டை எல்லாப் பக்கமும் குறுகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தார்கள். வயிற்றுப் பக்கம் இரண்டு முன்பாகமும் முகம் பார்க்காமல் நின்றன. தங்கச்சி போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

பொத்தான் என் செலவு. பொத்தான்காரி மேலே வந்து உட்கார்ந்து வைத்துக் கொடுத்தாள். கடைசி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "இந்தக் கம்பெனித் துணியத் தொடமாட்டேன்னு இருந்தேன். இது கம்பெனித் துணி இல்லக்கா, உன் துணி" என்றாள்.

கண்காட்சி நாள் வந்தது. மண்டபத்தில் குளிர்சாதனம் எலும்பைக் குடைந்தது. கழிவே இல்லாத நாளை என்று மேடையில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பின்வரிசையில் கம்பெனிப் பெண்களை நீலச் சீருடையோடு கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள், படத்துக்கு. தங்கச்சியும் அவர்களில் ஒருத்தி. மாப்பிள்ளையும் நானும் ஓரமாக நின்றோம். கம்பெனியின் டைரக்டர் பூமியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். துணி ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளியின் வியர்வை என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் பொம்மைகளுக்கு உடுத்தி நிறுத்தியிருந்த உடுப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நூறு இதழ் வைத்த கவுன் ஒன்று இருந்தது. உண்மையாகவே அழகு, அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன்.

ஊசியின் முறை வந்தது. வெள்ளைச் சட்டை, அதன்மேல் சிவப்புக் கோடு. டைரக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எளிமையா இருக்கே. என்னம்மா இது?"

"சட்டை சார்."

"இது முன்னாடி என்னவா இருந்துச்சு?"

"சட்டை சார்."

முன்வரிசையில் சிரிப்பு. அவரும் சிரித்தார். "அப்ப நடுவுல என்னதான் ஆச்சு?"

"நடுவுல வெட்டச் சொன்னீங்க. சிவப்பாத் தெரியுதே, அதெல்லாம் வெட்டுன எடம்."

சிரிப்பு நின்றது. படம் பிடிக்கிறவன் கேமராவை இறக்கினான். மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் ஒன்றும் புரியாதவர்போல் திரும்ப, சூப்பர்வைசர் ஓடிவந்து சட்டையின் பக்கத்தைப் பிடித்து நெருங்கிப் பார்த்தார். வெட்டு முழுக்கத் தையலோரமாகவே ஓடியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. பின்வரிசையைப் பார்த்து, "யாரு இப்படி வெட்டினது?" என்றார்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கச்சி எழுந்தாள். "நான்தான் சார். தச்சதும் நான்தான்." ஒரு கணம் யோசித்து, "இடது கை மட்டும்" என்று திருத்தினாள்.

மறுநாள் வேலைக்குப் போனவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்றார்கள். காரணம் என்ன தெரியுமா? அவள் துணி வெட்டினது சரியில்லையாம். சட்டையை நாசம் பண்ணச் சொல்லி, சரியாக நாசம் பண்ணவில்லை என்று வேலையை விட்டு எடுத்த கம்பெனியை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? வடிவமைப்பு வேலை இதழ் வைத்த கவுனுக்குப் போயிற்று. மேடம் ஊசிக்கு முழு மதிப்பெண் போட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் போட அவருக்கும் தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

ஊசி அம்மா மடியில் முகம் புதைத்து அழுதாள். "என்னாலதாம்மா."

"வெட்டச் சொன்னவன் எவனோ, வேலை போனது எனக்கு, அழறது நீ. நல்லா இருக்குடி நியாயம்" என்றாள் தங்கச்சி. "எந்திரி. கண்காட்சியில இருந்து அந்தச் சட்டைய வாங்கிட்டு வந்தியா இல்லையா?"

சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் சாமான்களை எடுத்துக்கொள்ள அவள் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு லாரி, அதனால் நான் துணைக்குப் போய் வாசலுக்கு வெளியே நின்றேன். வேலை முடிகிற நேரம். பெண்கள் டப்பாவும் கையுமாக வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி நாற்காலியில் போட்டு உட்கார்ந்த மெத்தையை இடுக்கிக்கொண்டு வந்தாள். சீருடையை உள்ளே கழற்றிக் கொடுத்துவிட்டாள். அதற்கடியில் போட்டிருந்தது அந்தச் சட்டை. சிவப்புக் கோடெல்லாம் வெயிலில் பளிச்சென்று தெரிய, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தாள்.

காவல்காரி வழக்கம்போல் தடவிப் பார்த்தாள். மெத்தையை அமுக்கினாள். பிறகு அவள் கை சட்டைத் தோளில் நின்றது. "இது கம்பெனித் துணிதானே?"

"ஆமா."

"துணி வெளிய போகக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"துணி போகக் கூடாது. இது கழிவு. மேடை போட்டு மைக் வச்சுச் சொன்னாங்க. வேணும்னா உள்ள கேட்டுட்டு வாங்க, நிக்கிறேன்."

வரிசை முழுக்க நின்றுவிட்டது. சூப்பர்வைசரே வெளியே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கழட்டி வச்சிட்டுப் போ" என்றார்.

"கழட்டுறேன் சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இது சட்டையா, கழிவா? கழிவுன்னா என் பொண்ணுக்குக் காலேஜ்ல குடுத்தது, நான் போட்டுட்டுப் போறேன். சட்டைன்னா இங்கயே கழட்டிக் குடுத்துடறேன். ஆனா நல்ல சட்டைய வெட்டச் சொன்னது யாருன்னு இவங்க முன்னாடி நீங்க சொல்லணும்."

அவள் குரலை உயர்த்தவேயில்லை. சர்க்கரை கேட்ட அதே குரல்தான். சூப்பர்வைசர் வரிசையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். கடைசியில் காவல்காரியிடம், "கழிவுதான். விடு" என்றார்.

தங்கச்சி வாசலைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே அவளுக்கு அடுத்து நின்ற பெண் கழுத்து வியர்வையை ஒரு வெள்ளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது கை தைக்கிறவள் அவள். தரையில் கிடந்த துண்டாக இருக்க வேண்டும், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தடவிப் பார்க்கக் கையைத் தூக்கச் சொன்னார்கள். துண்டோடு தூக்கினாள்.

"இதுவும் கழிவுதானே சார்?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இருந்தவளும் தரையைப் பார்த்துக் குனிந்தாள். சூப்பர்வைசர் பதில் சொல்லவில்லை. பதில் வரும்வரை நிற்கலாம் என்று தங்கச்சி மெத்தையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.